பட்டையும் கிராம்பும் பாகில் இறங்கும் பக்குவம்

டிசம்பர் பிறந்தால் சமையல் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கேக்கைப் பற்றியே இருக்கும். இந்த முறை அதைவிட அதிகமாக மசாலா சிரப் கேள்விகள் வந்திருக்கின்றன. பட்டை, கிராம்பு, சுக்கு, ஏலம் மணக்கும் இந்தப் பாகு ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் கிறிஸ்துமஸ் விருந்தினருக்குப் பானமும் ஆயிற்று, கேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் மேலே ஊற்றவும் ஆயிற்று. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: மதுபானம் எதுவும் சேராத கிறிஸ்துமஸ் மசாலா சிரப்புக்குச் சரியான அளவு வேண்டும். "தேவையான அளவு", "கொஞ்சம்" என்றெல்லாம் சொல்லாமல் கிராம் கணக்கில் தர முடியுமா?
— வாசகி, மார்த்தாண்டம்

ப: தருகிறோம். இந்த அளவில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும்.

தண்ணீர் 650 மில்லி, சர்க்கரை 900 கிராம், சுருள் பட்டை 10 கிராம் (விரல் நீளத்தில் நான்கு துண்டு), தோல் சீவிய சுக்கு 5 கிராம், கிராம்பு 12, அன்னாசிப்பூ 1, மிளகு 10, ஏலக்காய் 10, ஜாதிக்காய் கால் பங்கு, கமலா ஆரஞ்சு ஒன்றின் தோல், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

சர்க்கரையையும் மசாலாவையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு. மசாலாவின் சாரம் தண்ணீரில்தான் நன்றாக இறங்கும். கெட்டிப் பாகுக்குள் பட்டை மணிக்கணக்கில் கிடந்தாலும் பாதி மணம் பட்டையிலேயே தங்கிவிடும். அதனால் முதலில் கஷாயம், அப்புறம்தான் சர்க்கரை.

பட்டையைக் கையால் ஒடித்து, சுக்கை இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டி, தண்ணீரில் போட்டு மூடி, சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். இவை இரண்டும் கட்டையான சரக்கு. நேரம் எடுக்கும். பிறகு கிராம்பு, அன்னாசிப்பூ, மிளகு போட்டு இன்னும் 5 நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு, தட்டிய ஏலக்காய், துருவிய ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் மூன்றையும் போட்டு இறுக மூடி 20 நிமிடம் விடுங்கள். ஏலக்காயின் வாசனை ஆவியோடு பறந்துவிடும் என்பதால் அதைக் கொதிக்கவிடவே கூடாது. சமையலறை முழுக்க ஏலம் மணந்தால் சிரப்பில் அது குறைந்துவிட்டது என்று பொருள்.

மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி அளந்து பாருங்கள். 500 மில்லி வரவேண்டும். குறைந்தால் வெந்நீர் ஊற்றிச் சரிசெய்யுங்கள். கூடிவிட்டால் வற்றவைக்காதீர்கள், மணம் போய்விடும். கூடிய ஒவ்வொரு 10 மில்லிக்கும் 18 கிராம் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் கஷாயத்தையும் சர்க்கரையையும் சிறு தீயில் வைத்து, கடைசிக் குருணை கரையும்வரை கிளறுங்கள். கொதி வருவதற்கு முன்பே முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். கரைந்ததும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து, கிளறாமல், நன்றாகத் தளதளவென 2 நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு இறக்குங்கள்.

பதம் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒரு சொட்டை ஆறவைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் பிசுபிசுவென்று ஒட்டும், ஆனால் கம்பி இழுக்காது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் வால் இல்லாமல் மெதுவாக வழுகி இறங்கும். கம்பி வந்துவிட்டால் சிரப்பின் எல்லை தாண்டிவிட்டது.

கே: சென்ற ஆண்டு செய்த சிரப், பத்தே நாளில் பாட்டிலின் அடியில் கற்கண்டு போலக் கட்டிவிட்டது. மேலே தண்ணீராக நிற்கிறது. ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

ப: பாகைக் கூடுதலாகக் காய்ச்சியிருக்கிறீர்கள். 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர், தன் எடையைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் குளிரில் அதுவும் குறையும். சூட்டில் அதற்கு மேலும் கரையும். ஆறியதும் மிச்சம் கல்லாக வெளியே வரும். இதற்காகத்தான் மேலே ஒரு கிலோ என்று போடாமல் 900 கிராம் என்று நிறுத்தியிருக்கிறோம்.

அளவு சரியாக இருந்தும் கட்டுகிறது என்றால் பாத்திரத்தின் உள்விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒட்டிக் காய்ந்த நாலு குருணை சர்க்கரை பாகில் விழுந்தால் போதும், அதைச் சுற்றி மற்றவை சேர ஆரம்பிக்கும். கொதிக்கும்போது ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்துவிடுங்கள், அல்லது ஒரு நிமிடம் மூடி போடுங்கள். உள்ளே வழியும் ஆவியே கழுவிவிடும். ஆறும்போது கரண்டியை விட்டுக் கலக்குவதும் வினைதான். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது புளிப்புக்காக அல்ல. புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கும், அந்தக் கலவை எளிதில் கட்டாது. கேக் பொருள் விற்கும் கடைகளில் லிக்விட் குளுக்கோஸ் கிடைத்தால் எலுமிச்சைக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம்.

கட்டிய சிரப்பை வீணாக்க வேண்டாம். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளகவைத்து, எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றி, லிட்டருக்கு 60 மில்லி வெந்நீர் சேர்த்து முழுக்கக் கரைத்து ஒரு கொதி விடுங்கள். ஒரு குருணைகூட மிச்சமிருக்கக் கூடாது. பாட்டிலையும் கழுவிவிட்டுத்தான் திரும்ப நிரப்ப வேண்டும்.

கே: சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். 104 டிகிரி வரும்வரை காய்ச்சச் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தேன். ஆறியதும் மிட்டாய் போல இறுகிவிட்டது. தெர்மாமீட்டர் பழுதா?
— வாசகி, உதகமண்டலம்

ப: தெர்மாமீட்டரில் பழுதில்லை, நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். 104 என்பது கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 65 சதவீதச் சர்க்கரை உள்ள பாகு அதைவிட ஏறத்தாழ 4 டிகிரி கூடுதலில் கொதிக்கும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்கள் வீட்டுத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் சிரப் 96, 97இல் தயார். நீங்கள் 104 வரை காத்திருந்ததில் தண்ணீர் வற்றி, சர்க்கரை 80 சதவீதத்தை ஒட்டிப் போயிருக்கும். அது மிட்டாய்க்கு நெருங்கிய பதம்.

எந்த ஊராக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதனோடு 4 கூட்டினால் உங்கள் வீட்டுக்கான எண் கிடைத்துவிடும். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால் தெர்மாமீட்டரைவிடத் தராசு நம்பகமானது. வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 900 கிராம் சர்க்கரை போட்டிருந்தால், இறக்கும்போது பாகின் எடை மட்டும் 1,385 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அந்தக் குறைவுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். உங்களுடைய இறுகிய பாகையும் இதே கணக்கில் மீட்டுவிடலாம்: எடை போட்டு, எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை மில்லி வெந்நீர் விட்டு, சிறு தீயில் கரையுங்கள்.

கே: எங்கள் கடைகளில் மெல்லிய கறுவாவும் இருக்கிறது, தடித்த பட்டையும் இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம். சிரப்புக்கு எது? கராம்பு கொஞ்சம் கூடினால் நாக்கு மரத்துப்போகிறதே, அதற்கு என்ன செய்வது?
— வாசகி, யாழ்ப்பாணம்

ப: கறுவாவின் தாய்நாட்டில் இருந்து வந்திருக்கும் கேள்வி! தயங்காமல் மெல்லியதையே வாங்குங்கள். சுருட்டுக்குள் சுருட்டாகக் காகிதம்போல அடுக்கியிருக்கும், விரலால் நொறுக்கலாம், மணம் இனிப்பாக இருக்கும். இதில் ஆகச் சன்னமான தரத்துக்கு அல்பா என்று பெயர். சிரப்புக்கு அவ்வளவு உயர்தரம் வேண்டாம், நடுத்தரமே போதும். தடித்த, ஒரே மடிப்பாக மரப்பட்டை போலிருக்கும் கெட்டிப் பட்டை வேறு மரத்துடையது. காரமும் துவர்ப்பும் கூட. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ஈரலுக்கு ஆகாது. பிரியாணிக்கு எப்போதாவது ஒரு துண்டு போடுவது வேறு, தினம் காப்பியில் ஊற்றிக் குடிக்கும் சிரப் வேறு. தமிழ்நாட்டு வாசகர்கள் மளிகைக் கடையில் 'சுருள் பட்டை', 'சிலோன் பட்டை' என்று கேட்டு வாங்குங்கள். கெட்டிப் பட்டைதான் கிடைக்கிறது என்றால் 10 கிராமை 6 ஆக்குங்கள்.

கராம்பில் இருக்கும் யூஜெனால்தான் நாக்கை மரக்கவைப்பது. பல்வலிக்குக் கராம்பெண்ணெய் வைக்கிறோமே, அதே சரக்கு. லிட்டருக்கு 12 என்பதே மேல் எல்லை. அதைவிட முக்கியம் நேரம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் மணம் நின்று கசப்பு இறங்கும். நல்ல கராம்பின் தலையை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கன்னியாகுமரி மலைத் தோட்டங்களின் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதுபோன்ற எண்ணெய்ச் செழிப்புள்ள கிராம்பு என்றால் 12க்குப் பதில் 8 போடுங்கள்.

ஏற்கெனவே கசந்துவிட்ட சிரப்புக்குச் சர்க்கரை சேர்த்துப் பயனில்லை. மசாலா இல்லாத வெறும் பாகு அதே அளவு காய்ச்சிக் கலந்துவிடுங்கள். கசப்பு பாதியாகும், பாட்டில் இரண்டாகும்.

கே: ஆரஞ்சுத் தோல் போட்டால் கசக்கிறது. போடாவிட்டால் என்ன?
— வாசகர், விருதுநகர்

ப: போடாமலும் செய்யலாம், ஆனால் கிறிஸ்துமஸ் வாசனையில் பாதி அதுதான். கசப்பு தோலில் இல்லை, தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சில் இருக்கிறது. காய்கறி சீவும் கத்தியால் நிறத்தோலை மட்டும் சீவுங்கள். பழத்தை முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள், கடைப் பழங்களில் மெழுகு பூசியிருக்கலாம்.

கே: முழு மசாலா இல்லாததால் பட்டைப் பொடி போட்டேன். சிரப் கலங்கி, கொழகொழவென்று ஆகிவிட்டது.
— வாசகி, திருவள்ளூர்

ப: பட்டைப் பொடியின் குணமே அதுதான். தண்ணீரில் ஊறினால் மாவுபோலக் கொழகொழக்கும், துணியில் வடிகட்டவும் முடியாது. அந்தச் சிரப்பை ஓட்ஸ் கஞ்சியிலோ கேக் மாவிலோ சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். சுக்குப்பொடி, ஏலப்பொடிக்கும் இதே பதில்.

கே: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியில் செய்தேன். அருமையான மணம். ஆனால் கொதிக்கும் பாலில் ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. கருப்பட்டியில் செய்யவே கூடாதா?
— வாசகி, உடன்குடி

ப: உடன்குடியில் இருந்துகொண்டு கருப்பட்டியில் செய்யாமல் இருப்பதா! தாராளமாகச் செய்யலாம். கருப்பட்டியில் சிறிது புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. கொதிக்கும் சூட்டில் பாலின் புரதத்தை அவை திரியவைத்துவிடும். வெல்லம் போட்ட பாயசத்தில் பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுகிறோமே, அதே காரணம். பாலைக் காய்ச்சி இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் சிரப்பை ஊற்றிக் கலக்குங்கள். கருப்பட்டிச் சிரப்புக்கு எலுமிச்சை தேவையும் இல்லை, சேர்க்கவும் கூடாது. அதில் இயல்பாகவே குளுக்கோஸும் பிரக்டோஸும் இருப்பதால் எளிதில் கட்டாது.

அளவு: 500 மில்லி கஷாயத்துக்கு 700 கிராம் கருப்பட்டி. தட்டிப்போட்டுக் கரைத்து ஒரு கொதி விட்டு, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலும் சுண்ணாம்புக் கசடும் அடியில் படியும். மேலே உள்ளதை மெதுவாக வடித்து, துணியில் வடிகட்டி, மறுபடி ஒரு கொதி. மசாலாவிலும் கொஞ்சம் மாற்றுங்கள். சுக்கு, ஏலம், மிளகு கருப்பட்டியோடு உறவு மாதிரிச் சேரும். ஆரஞ்சுத் தோலும் அன்னாசிப்பூவும் சேராது, விட்டுவிடுங்கள். சர்க்கரைச் சிரப் அளவுக்கு இது தாங்காது. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

கே: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? போன முறை மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. சோடியம் பென்சோயேட் போடலாமா?
— வாசகர், திருச்சி

ப: இந்தச் சிரப்பைக் காப்பது சர்க்கரைதான். இந்திய உணவுத் தர விதிகள் பழ சிரப்பில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்று சொல்வதும், ஸ்குவாஷுக்கு 40 போதும் என்று விடுவதும் கவனிக்க வேண்டிய வித்தியாசம். 65இல் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் தேவையான தண்ணீர் கிடைப்பது மிகவும் அரிது. ஸ்குவாஷில் புளிப்பும் பதப்படுத்தும் பொருளும் சேர்ந்துதான் காக்க வேண்டும். பென்சோயேட் புளிப்பான பொருளில்தான் வேலை செய்யும். மசாலா சிரப்பில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் அதைப் போட்டும் பயன் குறைவு. வேண்டாம்.

வெள்ளை பூத்ததற்குக் காரணம் பெரும்பாலும் மூடியில்தான் இருக்கும். சூடான சிரப்பை அரைப் பாட்டில் ஊற்றி மூடினால், மேலே காலியிடத்தில் ஆவி குளிர்ந்து, முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, சிரப்பின் மேல் சொட்டும். உள்ளே 65 சதவீதப் பாகு இருக்க, மேலே மட்டும் மெல்லிய தண்ணீர்ப் படலம். பூஞ்சை அங்கேதான் குடியேறும்.

கண்ணாடிப் பாட்டிலையும் மூடியையும் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்தபின் 10 நிமிடம் வைத்து எடுங்கள். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சூடான சிரப்பைக் கழுத்துவரை நிரப்பி மூடி, பாட்டிலைத் துணியால் பிடித்து இரண்டு நிமிடம் படுக்கவையுங்கள். மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும். குளிர்ந்த பாட்டிலில் சூடாக ஊற்றினால் விரிசல் விடும், எச்சரிக்கை. முழுக்க ஆறியதும் ஒருமுறை நன்றாகக் குலுக்கி, கோத்த தண்ணீரைக் கலந்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள், சாய்த்தே ஊற்றுங்கள்.

பூஞ்சை பூத்ததை மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். குமிழி விட்டு, கள் வாடை அடித்தாலும் அப்படியே கொட்டிவிடுங்கள். நொதித்த பாட்டிலின் மூடியை முகத்துக்கு நேரே திறக்கக் கூடாது.

கே: நண்பர்களுக்குப் பரிசளிக்கும் பாட்டிலில் அழகுக்காக ஒரு பட்டை, இரண்டு கிராம்பு, ஆரஞ்சு வில்லை போட்டுத் தரலாமா?
— வாசகி, தூத்துக்குடி

ப: வேண்டாம். ஆரஞ்சு வில்லையிலிருந்து தண்ணீர் கசிந்து பாகை நீர்க்கவைக்கும், கிராம்பு நாளுக்கு நாள் கசப்பேற்றும். பட்டையையும் அன்னாசிப்பூவையும் நூலில் கட்டிப் பாட்டிலின் கழுத்தில் தொங்கவிடுங்கள், அழகும் கெடாது. செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கே: பிளம் கேக்கில் ரம்முக்குப் பதில் இதை ஊற்றலாமா? வேறு எதற்கெல்லாம் எவ்வளவு?
— வாசகி, பாளையங்கோட்டை

ப: ஊற்றலாம், ஆனால் அப்படியே ஊற்றினால் கேக்கின் மேல்தோலிலேயே பிசுக்காக நின்றுவிடும். அரைக் கிலோ கேக்குக்கு 60 மில்லி சிரப்பில் 30 மில்லி வெந்நீர் கலந்து, கேக்கைப் பல்குச்சியால் அடிவரை குத்தி, மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் உறிஞ்சியபின் அடுத்ததை ஊற்றுங்கள். கேக் ஆறியிருக்க வேண்டும், சிரப் சூடாக இருக்க வேண்டும். ரம் ஊற்றிய கேக்கைப்போல வாரக்கணக்கில் வெளியில் வைக்க இது இடம்தராது. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு டம்ளர் காப்பிக்குச் சர்க்கரைக்குப் பதில் 15 மில்லி, 150 மில்லி பாலுக்கு 30 மில்லி, 200 மில்லி சோடாவுக்கு 40 மில்லியும் அரை மூடி எலுமிச்சையும். அரைக் கிலோ பழக் கலவைக்கு 60 மில்லி போதும். குலோப் ஜாமூனுக்கு இது கெட்டி, உருண்டைக்குள் இறங்காமல் ஜாமூன் சுருங்கிவிடும். 500 மில்லி சிரப்புக்கு 200 மில்லி தண்ணீர் சேர்த்துச் சூடாக்கிய பிறகு போடுங்கள். ஐஸ்கிரீமுக்கு நேர்மாறு. 100 மில்லியை 80 ஆகும்வரை வற்றவைத்து, ஆறியதும் ஊற்றினால் வழிந்தோடாமல் மேலே நிற்கும். அதை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் கட்டிவிடும்.

கே: வீட்டில் சர்க்கரை நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தேனில் செய்தால் இருவருக்கும் தரலாமா?
— வாசகர், ஈரோடு

ப: இருவருக்குமே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடத் தரக்கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகளை எதிர்க்கும் திறன் அந்தக் குடலுக்கு வந்திருக்காது, காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான். அவருக்காக, சர்க்கரை சேர்ப்பதற்கு முன் வடிகட்டிய கஷாயத்தில் 100 மில்லியைத் தனியே எடுத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு கட்டியைப் பாலில்லாத சூடான தேநீரில் போட்டால் அதே கிறிஸ்துமஸ் மணம் அவருக்கும் கிடைக்கும். எடுத்த 100 மில்லிக்கு ஈடாக 180 கிராம் சர்க்கரையைக் குறைத்துப் போட மறக்காதீர்கள்.